தூரதேசம் சென்ற மகன்: ப. சிங்காரத்தின் வாழ்வும் நாவல்களும்

நம் திருச்சபைகளில் நாவல் என்னும் இலக்கிய வகை இன்றளவும் ஓரளவு ஐயத்தோடுதான் நோக்கப்பட்டு வருகிறது. பனியனின் நூல் ‘மோட்ச பிரயாணம்’ என்று தமிழில் வந்தபோது அதை வீடுதோறும் வைத்துப் படித்தோம். கிருஷ்ண பிள்ளை அதனைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாக்கித் தந்தபோது தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் முடிமணி என்று கொண்டாடினோம். டால்ஸ்டாயின் கதைகளைப் பிரசங்க உவமைகளாக எடுத்தாள்வதற்கும் நமக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் நம்மைச் சுற்றி வாழ்ந்த தமிழர்கள் எழுதிய நாவல்களை எத்தனை போதகர்கள் படித்திருக்கிறார்கள்? இறையியல் மாணவர்களிடம் ப. சிங்காரம் என்ற பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் கேள்விக்குறியோடுதான் நோக்குகின்றனர். அவர் வாழ்ந்தது எங்கோ அன்று. மதுரையில், அதுவும் ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் ஓர் அறையில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ஆகவே அவருடைய வாழ்வையும் எழுத்தையும் சற்று விரிவாகவே நோக்கக் கருதுகிறோம்.

சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தார். மதுரையில் பள்ளிக் கல்வி பெற்றார், அது முற்றுப்பெறவில்லை. 1938இல், பதினெட்டு வயதில், சுமத்திரா தீவின் மேடான் நகருக்கு ஒரு வட்டிக்கடையில் வேலை செய்யக் கப்பலேறினார். அக்காலத்தில் செட்டிநாட்டிலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் இது புதுமையன்று. பர்மா, மலேயா, சுமத்திரா, சைகோன் எனக் கீழ்த்திசை முழுவதும் பரவியிருந்த வட்டிக்கடைகளுக்கு ஊரிலிருந்து பையன்கள் சென்றுகொண்டே இருந்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, என்றேனும் ஒரு நாள் தனிக்கடை வைப்பான் என்பது அந்த ஏணியின் கனவு. மேடானோ டச்சுக்காரரின் புகையிலைத் தோட்டங்களால் செழித்த நகரம். சீனர், மலாய்க்காரர், தமிழர், ஐரோப்பியர் எல்லாரும் கூடி வணிகம் செய்த இடம் அது.

அந்நகரிலேயே அவர் மணம் புரிந்தார். மனைவியும் முதற்குழந்தையும் பிரசவத்தில் இறந்தனர். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இதைப்பற்றி அவர் நாவல்களில் தேடினால் நேரடியாக ஒன்றும் அகப்படாது. அகப்படாமலிருப்பதே பொருளுள்ளது என்று நமக்குத் தோன்றுகிறது. போர் முடிந்து, 1946இல் தாயகம் திரும்பினார். 1947இல் மதுரைத் தினத்தந்தியில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி, 1987இல் விலகினார். அந்நாளிதழை 1942இல் மதுரையில் தொடங்கிய ஆதித்தனாரும் சிங்கப்பூரில் வழக்கறிஞராயிருந்து திரும்பியவரே. அக்கரை போய் வந்தவர்கள் மதுரையின் வாழ்வில் எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒய்.எம்.சி.ஏ. என்றதும் நமக்கு விளையாட்டுத் திடலும் மலிவான அறையும் நினைவுக்கு வரும். அதன் தோற்றத்தை நாம் மறந்துவிட்டோம். 1844இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் அதனைத் தொடங்கியது யாருக்காக? நாட்டுப்புறங்களிலிருந்து நகருக்கு வந்து, துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை உழைத்து, கடையின் மேல்மாடியிலேயே நெருக்கடியில் படுத்துறங்கிய இளம் கடைச் சிப்பந்திகளுக்காக. வில்லியம்ஸும் அவர்களில் ஒருவரே. அந்த இலண்டன் பையனுக்கும் மேடான் பெட்டியடிப் பையனுக்கும் இடையே கடல் இருந்தது; வேற்றுமை அதிகம் இல்லை. பெட்டியடியிலிருந்து வந்த ஒருவர் தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அச்சங்கத்தின் கூரையின் கீழேயே கழித்தார். இதை அங்கு நாள்தோறும் போய் வந்த கிறித்தவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்!

அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1950ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்று, கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1962 அளவில் எழுதப்பெற்றது. பதிப்பாளர் பலர் ஏற்காமற் போக, பத்தாண்டுகள் கிடந்து, மலர்மன்னனின் முயற்சியால் 1972இல் கலைஞன் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. வெளிவந்த பின்னும் பல காலம் கவனிப்பாரில்லை. பின்னாளில் சி. மோகன், ந. முருகேசபாண்டியன் போன்ற திறனாய்வாளர் தொடர்ந்து எழுதியதன் பயனாகவே அது தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றென அறியப்பட்டது. அதற்குள் ஆசிரியர் முதுமையெய்தி, எழுதும் விருப்பத்தையும் கைவிட்டிருந்தார். நல்ல விதையைப் பாறையில் விதைத்துவிட்டு, முளைக்கவில்லையே என்று விதையைக் குறைகூறும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே நிகழ்ந்தது அதுவே.

‘கடலுக்கு அப்பால்’ அளவிற் சிறியது, கதையும் எளியது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனா என்னும் முதலாளியிடம் வளர்ந்தவன் செல்லையா. போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, துப்பாக்கி ஏந்தி, தோற்ற படையின் வீரனாகத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். வானாயீனாவோ அவளை நாகலிங்கம் என்னும் கடைக்காரப் பிள்ளைக்கு மணமுடிக்கத் துணிகிறார். பட்டாளத்துக்குப் போனவன் வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு.

இக்கதையில் வில்லன் இல்லை என்பதே நாவலின் சிறப்பு. வானாயீனா கொடியவர் அல்லர். செல்லையாவை அவர் தம் பிள்ளையைப்போலவே நேசிக்கிறார். எனினும் பேரேட்டைத் திறந்து வைத்து நோக்கும்போது நேசம் ஒரு பக்கத்திலும் தொழில் ஒரு பக்கத்திலும் நிற்கின்றன. தொழிலின் பக்கம் கனக்கிறது. மனிதனை அவன் பயன்பாட்டால் அளக்கும் இந்த நியாயம் பினாங்கு வட்டிக்கடையோடு முடிந்துவிட்டதா? சபையின் நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருப்போர் தம் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செல்லையா சண்டையிடவில்லை, ஓடிப்போகவுமில்லை. இழப்பை ஏற்றுக்கொள்கிறான். அவனைத் தேற்றும் நண்பன் மாணிக்கத்தின் வாயிலாக ஆசிரியர் பேசுகிறார் என்று கொள்வது தவறாகாது. பரிசு பெற்ற நாவல்களில் அக்காலத்தில் எதிர்பார்க்கப்பட்ட கண்ணீர் மல்கும் முடிவு இதில் இல்லை. வறண்ட கண்ணோடு எழுதப்பட்ட துயரம் இது.

‘புயலிலே ஒரு தோணி’யின் முதற்பகுதிக்குக் ‘கெர்க் ஸ்ட்ராட்’ என்று பெயர். டச்சு மொழியில் அதற்குப் பொருள் ‘தேவாலயத் தெரு’ என்பதாகும். நம் வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 1942 மார்ச்சில் ஜப்பானியர் மேடானுக்குள் நுழைகின்றனர். கடைகள் சூறையாடப்படுகின்றன, ஒழுங்கை நிலைநாட்டும் பெயரால் சூறையாடியோரின் தலைகள் வெட்டப்பட்டு மக்கள் காணும்படி வைக்கப்படுகின்றன. ஓர் ஆட்சி ஒரே நாளில் போய் இன்னோர் ஆட்சி வருவதைத் தெருவில் நிற்கும் மனிதனின் கண்களால் இப்படிக் காட்டிய தமிழ் எழுத்து வேறு இருப்பதாக நாம் அறியோம். ஐரோப்பியன் தன் கோயிலையும் பெயர்ப்பலகையையும் விட்டுச் செல்கிறான். புதியவன் வாளோடு வருகிறான். தமிழ்க் கடைக்காரன் எந்தப் பணம் செல்லும், எது செல்லாது என்று கணக்கிடுகிறான். தேவாலயத் தெருவில் தேவாலயம் ஒன்றும் பேசவில்லை. ஆசிரியர் இதைக் குத்திக்காட்டவில்லை. பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

கதைத்தலைவன் பாண்டியன். மேடானிலிருந்து தொங்கான் என்னும் பாய்மரக் கலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்குச் செல்கிறான். இடையே புயல். நாவலின் பெயருக்குக் காரணமான இப்பகுதியை உரக்க வாசித்துக் கேட்டாலன்றி அதன் ஆற்றல் விளங்காது. வாக்கியங்கள் குறுகி, முறிந்து, மீண்டும் எழுந்து, அலையின் ஓசையோடு போட்டியிடுகின்றன. யோனாவின் நூலையும் அப்போஸ்தலர் நடபடிகளின் இருபத்தேழாம் அதிகாரத்தையும் பலமுறை பிரசங்கித்தவர்கள் நாம். அங்கே புயலின் நடுவில் ஒரு சொல் கேட்கிறது. இங்கே எந்தச் சொல்லும் கேட்கவில்லை. மனிதர்கள் பிழைப்பது எதனால் என்ற வினாவும் எழுப்பப்படவில்லை. பிழைத்தார்கள், அவ்வளவே.

பின்னர் இந்திய தேசிய இராணுவம், இரகசியப் பணிகள், ஜப்பானியத் தோல்வி, மீண்டும் சுமத்திரா, டச்சுக்காரரை எதிர்த்து நடந்த இந்தோனேசிய விடுதலைப் போர் எனக் கதை விரைகிறது. ஊர் திரும்பாமலே பாண்டியன் அந்நிய மண்ணில் சுடப்பட்டு மடிகிறான். இடையிடையே அவன் நினைவில் சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் வந்து வந்து போகின்றன. போர்க்களத்தைவிட இந்த நினைவுப் பகுதிகளே உயிருள்ளவை என்பது நம் கருத்து. சந்தையின் இரைச்சல், கடைவீதியின் மணம், ஊரார் பேச்சின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை இத்துணைத் துல்லியமாக எழுத ஒருவன் அவற்றை இழந்திருக்கவேண்டும். சீயோனை நினைந்து பாபிலோனின் ஆற்றங்கரையில் அமர்ந்தவர்களின் சங்கீதத்தை நாம் அறிவோம். அவர்கள் அந்நிய மண்ணில் பாட மறுத்து யாழைத் தொங்கவிட்டனர். சிங்காரத்தின் மாந்தர் மதுக்கடையில் அமர்ந்து, பழந்தமிழ்ப் பெருமையையே எள்ளி நகையாடுகின்றனர்.

இந்த எள்ளல்தான் பலரை உறுத்தியது. பினாங்கில் நண்பர்கள் கூடி நிகழ்த்தும் அந்த நீண்ட உரையாடல்களில் கற்பு, வீரம், பழம்பெருமை, புலவர், அரசர் ஒன்றும் தப்பவில்லை. தமிழினத்தின் பழம்புகழ் மேடைதோறும் முழங்கிய 1960களில் இதை எழுதிய ஒருவருக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை என்றால் வியப்பில்லை. ஆனால் கூர்ந்து படித்தால், வெறுப்பவன் இவ்வளவு படித்திருக்கமாட்டான் என்பது விளங்கும். பழைய இலக்கியத்தை உயிருக்குயிராய் நேசித்தவனின் ஏமாற்றமே அங்கே சிரிப்பாக வெளிப்படுகிறது. பிரசங்கியின் ஆகமத்தை நம் திருமறையில் வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சாலொமோனின் பெயரால் பேசும் அந்த ஞானியும் அரண்மனை, தோட்டம், கல்வி, பாடகர் அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தவர்தாம்.

இனிக் குறைகளையும் சொல்லவேண்டும். பாண்டியன் அளவுக்கு மிஞ்சி வல்லவனாக இருக்கிறான். எந்தக் காவலையும் கடக்கிறான், எந்த மொழியிலும் பேசுகிறான், எந்த ஆபத்திலும் நிதானம் இழப்பதில்லை. நாவலின் பிற்பாதியில் சில இடங்கள் சினிமாவை நினைவூட்டுகின்றன. பெண் மாந்தர் அனைவரும் அவனைக் கடந்து செல்லும் நிழல்களாகவே உள்ளனர். ஆயிஷாவுக்குக்கூடத் தனியே ஒரு மனம் இருந்ததாக ஆசிரியர் நம்மை நம்பச் செய்யவில்லை. விலைமாதர் இல்லக் காட்சிகளைக் கண்டு முகஞ்சுளிக்கும் வாசகர் நம்மில் உண்டு. நமக்குக் குறையாகப் படுவது காட்சிகள் அல்ல. அங்கேயுள்ள பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கதை கேளாமலே கடந்துவிடுவதுதான். மற்றொன்று: சிங்காரத்தின் உலகம் கடைக்காரர் உலகம். புகையிலைத் தோட்டங்களிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழ்க் கூலிகள் அதன் மையத்தில் இல்லை. 1942-43இல் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர். அவர்களின் பாடுகளை அறிய மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நூல்களிடம்தான் போகவேண்டும். தமிழகத்திலேயே புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் ‘துன்பக்கேணி’யை முன்னமே எழுதியிருந்தார்.

அக்கரை வாழ்வை எழுதியோரில் நம் சபையைச் சார்ந்தவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்வது தகும். ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் இளமையைக் கழித்தவர். ‘புத்தம் வீடு’ ஆசிரியராகவே பலர் அவரை அறிவர். அவருடைய ‘மா-னீ’ பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையாகும். சிங்காரத்தையும் அவரையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே கடலை வீட்டின் சன்னலிலிருந்தும் கப்பலின் மேல்தட்டிலிருந்தும் காண்பது போலிருக்கும். சிங்காரத்திடம் இல்லாத குடும்பமும் பெண்ணின் மனமும் அங்கே உண்டு. நம் காலத்தில் பிரான்சிலிருந்து எழுதும் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதியின் குரலில் வேறொரு கதை சொல்கிறது. உலக இலக்கியத்திலோ போலந்து நாட்டவரான ஜோசப் கான்ராட் மலாய்க் கடல்களைப் பற்றி எழுதினார். பிழைக்கப் போன நாட்டின் மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதினார். சிங்காரம் அவ்வாறன்றிப் பிழைக்கப் போன நாடுகளின் சொற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தமிழுக்குள் போட்டார். மலாய், சீனம், டச்சு, வட்டிக்கடைக் குழூஉக்குறி யாவும் விளக்கக் குறிப்பின்றியே தமிழ் வாக்கியத்தில் குடியேறிவிடுகின்றன. குடியேறியவரின் மொழி அப்படித்தானே இருக்கும்!

இதையெல்லாம் முசிறியிலிருந்து எழுதும் நமக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே உள்ள இவ்வூரைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் இன்றும் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் மரக்கலம் ஏறுவதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நேரே விமானம் செல்கிறது. புறப்படுமுன் ஞாயிறு ஆராதனையில் பயண ஆவணத்தைக் கையில் பிடித்தபடி முன்னே வந்து முழந்தாளிடுகின்றனர். நாம் கைவைத்து ஜெபித்து அனுப்புகிறோம். அடுத்த வாரமே, லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்து, தூரதேசம் என்பது பாவத்தின் நாடு என்று பிரசங்கிக்கிறோம்! கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் மனம் என்ன எண்ணும்?

உவமையில் மகன் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு போனான். இங்கேயோ தகப்பனே நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கி மகனை அனுப்புகிறான். மூத்த மகன் வீட்டில் இருந்து முணுமுணுப்பதில்லை. தம்பி அனுப்பும் பணத்தை எதிர்நோக்கி நிற்கிறான். பஞ்சகாலத்தில் எகிப்துக்குத் தானியம் வாங்கச் சென்ற யாக்கோபின் மக்களுக்கும், மோவாபுக்குப் போன எலிமெலேக்கின் குடும்பத்துக்கும்தான் நம் சபையார் அதிகம் நெருங்கியவர்கள். நகோமி வெறுங்கையளாய்த் திரும்பி வந்தபோது ஊர்ப் பெண்கள் அவளை அடையாளம் காணத் திணறினர் என்று திருமறை சொல்கிறது. செல்லையாவை வானாயீனா அடையாளம் காணாமற் போனதும் அதைப் போன்றதே. திரும்பி வருவோரைப் பற்றி நாம் இன்னும் ஒரு நல்ல பிரசங்கம் எழுதவில்லை. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதி, அங்கேயே வீடு கட்டவும் தோட்டம் நடவும் அந்நகரின் நலத்துக்காக வேண்டவும் சொன்னார். அக்கடிதத்தைப் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் திரும்பியபோது என்ன ஆயிற்று என்பதற்கு எஸ்றாவையும் நெகேமியாவையும் படிக்கிறோம்; அங்கேயும் எல்லாம் இனிதாக நிகழவில்லை.

‘இரட்சணிய யாத்திரிக’த்தின் பயணிக்குப் போகும் நகரம் எதுவென்று தெரியும். பாண்டியனுக்குத் தெரியாது. இந்த ஒரு வேற்றுமையைக் காட்டி அந்நாவலை ஒதுக்கிவிட விரும்புவோர் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. வேலை முடிந்து பாளையத்தின் இரும்புக் கட்டிலில் படுத்திருக்கும் நம் இளைஞன் பல இரவுகளில் பாண்டியனாகத்தான் இருக்கிறான். அவன் உள்ளத்தை அறியாமல் அவனுக்குத் தொலைபேசியில் வசனம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவன் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வான், நம்பிச் சொல்லமாட்டான். பாண்டியனின் நம்பிக்கையின்மையைச் சரியென்று நாம் வாதிடவில்லை. அந்த நம்பிக்கையின்மை சோம்பலால் வந்ததன்று, கண்டவற்றால் வந்தது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே அவனோடு பேச இயலும் என்கிறோம்.

ஆசிரியரின் இறுதிக்காலம் பற்றி ஒரு சொல். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சிங்காரம் மதுரையில் காலமானார். தம் மறைவை எவருக்கும் அறிவித்து ஆரவாரம் செய்ய வேண்டாமென்பது அவர் விருப்பம், அவ்வாறே நடந்தது. நாற்பது ஆண்டு ஊதியத்தில் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்ததை ஏழை மாணவரின் கல்விக்கென்று கொடுத்திருந்தார். எதையும் நம்பாதவன் போல் பேசும் மாந்தரைப் படைத்தவர், தாம் காணப்போகாத பிள்ளைகளின் படிப்பை நம்பிப் பணத்தை ஒப்படைத்தார்.

இறையியல் மாணவர்கள் இவ்விரு நாவல்களையும் படிக்க விரும்பினால் ‘கடலுக்கு அப்பால்’ நூலை முதலில் எடுப்பது நலம். கடைவழக்குச் சொற்களும் பினாங்குத் தெருக்களும் பழகிவிடும். ‘புயலிலே ஒரு தோணி’யின் தொடக்கத்தில் முப்பது நாற்பது பக்கங்கள் சற்றுத் தடுமாறச் செய்யும், அருகில் ஒரு நிலப்படத்தை வைத்துக்கொண்டு, மேடான், பினாங்கு, மலாக்கா நீரிணை ஆகியவற்றை விரலால் தொட்டுக்கொண்டே படிக்கலாம். விடுதியில் நால்வராய்ச் சேர்ந்தால், தொங்கான் புயலில் அகப்படும் பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது நன்று. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.